பல்செட்டில் தொடங்கிய கலைக் கணக்கு

பிரிட்டனில் கலைகளுக்கு அரசுப் பணத்தைப் பகிர்ந்து தர ஏற்பட்ட ஆர்ட்ஸ் கவுன்சிலுக்கு 1946 ஆகஸ்டில் அரச சாசனம் கிடைத்தபோது, அதை உருவாக்கப் பாடுபட்ட பொருளியல் மேதை கெய்ன்ஸ் உயிரோடு இல்லை. அடுத்த பதினெட்டு ஆண்டுகள் நிதித்துறை கொடுத்ததை வாங்கிக்கொண்டு கவுன்சில் காலம் தள்ளியது. அதன் பிறகுதான் ஜென்னி லீ வருகிறார்.

ஸ்காட்லாந்தின் லாக்கெல்லியில் 1904இல் பிறந்தவர், சுரங்கத் தொழிலாளியின் மகள். 1929 இடைத்தேர்தலில் ஜெயித்து எம்.பி. ஆனபோது வயது 24. இருபத்தொரு வயதுப் பெண்களும் வாக்களிக்கலாம் என்று முந்தைய ஆண்டே சட்டம் வந்துவிட்டது. புதிய வாக்காளர் பட்டியல்தான் வரவில்லை. ஓட்டில்லாத பெண் சபைக்குள் போய் உட்கார்ந்தார்! 1934இல் அனைரின் பெவனை மணந்தார். இலவச மருத்துவத் திட்டத்தைக் கொண்டுவந்த அதே பெவன்.

1951இல் மூக்குக்கண்ணாடிக்கும் பல்செட்டுக்கும் கட்டணம் வாங்க லேபர் அரசு முடிவெடுத்தது. பெவன் பதவியைத் தூக்கியெறிந்தார். அவரோடு வெளியேறியவர்களில் வர்த்தக அமைச்சராக இருந்த ஹரால்ட் வில்சனும் ஒருவர். பெவன் 1960இல் காலமானார். வில்சன் 1964இல் பிரதமரானார். அன்று தன்னோடு வெளியேறிய பெவனின் மனைவி ஜென்னியிடம் கலைத்துறையை ஒப்படைத்தார்.

பதவி என்னவோ சின்னதுதான். அரசுக் கட்டடங்களைக் கவனிக்கும் அமைச்சகத்தில் துணை அமைச்சர். பொதுப்பணித் துறை அலுவலகத்தில் கலைக்கு ஒரு நாற்காலி போட்ட மாதிரி. மறு ஆண்டு கல்வி அமைச்சகத்துக்கு மாறினார். எங்கே உட்கார்ந்தாலும், மேலே இருப்பவர் கையை விரித்தால் நேரே பிரதமரிடம் போவார். நிதித்துறை அதிகாரிகளுக்கு இது பிடிக்கவில்லை. முறைப்படி பார்த்தால் அவர்கள் பக்கம் நியாயமும் உண்டு. ஆனால் முறைப்படி போயிருந்தால் பணம் வந்திருக்காது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

1965 பிப்ரவரியில் அவர் கொண்டுவந்தது கலைகளுக்கென்று பிரிட்டன் அரசு வெளியிட்ட முதல் வெள்ளை அறிக்கை. லண்டனுக்கு வெளியே நல்ல அரங்குகள் இல்லை என்பது அதன் ஆதங்கம். அரங்கு கட்டவும் புதுப்பிக்கவும் தனி நிதி பிறந்தது. 1964-65இல் சுமார் 32 லட்சம் பவுண்டாக இருந்த கவுன்சில் மானியம், 1970-71இல் 93 லட்சத்தைத் தொட்டது. கவுன்சில் தலைவராக வந்தவர் வில்சனின் வழக்கறிஞர் ஆர்னால்ட் குட்மன். அவரும் ஜென்னியும் நல்ல ஜோடி. பணத்தை வாங்கித் தருவதோடு ஜென்னி நிறுத்திக்கொண்டார். எந்த நாடகம் போடலாம் என்பதில் தலையிடவில்லை. இத்தனைக்கும் பிறகும் பெரும்பங்கை லண்டனின் ஓபராவும் பெரிய அரங்குகளும் விழுங்கின என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இன்னொரு வேலையும் அவர் தலையில் விழுந்தது. வானொலி, தொலைக்காட்சி வழியே பல்கலைக்கழகம் என்பது வில்சனின் கனவு. முன்தகுதி எதுவும் கேட்கக்கூடாது, பட்டத்தின் தரமும் குறையக்கூடாது என்று ஜென்னி விடாப்பிடியாக நின்றார். பிபிசியோடு பேசி செலவைக் கணக்கிடும் பொறுப்பு குட்மனுக்கு. அவர் சொன்ன தொகை மிகவும் குறைவு. அதை வைத்தே திட்டம் முன்னேறியது. 1969இல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துக்குச் சாசனமும் கிடைத்தது.

1970 ஜூன் தேர்தலில் வில்சனின் ஆட்சி போனது. கேனக் தொகுதியில் ஜென்னியும் தோற்றார். இந்தப் பல்கலைக்கழகமே அபத்தம் என்று பேசிவந்த இயான் மெக்லியோட் புதிய நிதியமைச்சர். ஒரே மாதத்தில் அவர் இறந்துபோக, கல்வி அமைச்சராக இருந்தவர் திட்டத்தைத் தொடரவிட்டார். அவர் மார்கரெட் தாட்சர்! 1971 ஜனவரியில் ஏறத்தாழ 24,000 பேரோடு பாடங்கள் தொடங்கின.

பல்கலைக்கழகம் நிலைபெற்ற பிறகு, பிரபுக்கள் சபையில் குட்மன் தன் பழைய மதிப்பீட்டைப் பற்றிப் பேசினார். தான் சொன்ன தொகையையும் இப்போது ஆகும் செலவையும் பார்த்தால் வெட்கப்படத்தான் வேண்டும். ஆனால் வெட்கம் வரவில்லை, அந்தத் தப்புக்கணக்கு இல்லாவிட்டால் இந்தப் பல்கலைக்கழகமே வந்திருக்காதோ என்னவோ என்பது அவர் பேச்சின் சாரம்.