ஆயில் ஃபில்டர் பொருத்தம்: மோட்டார் சைக்கிள் சர்வீசுக்குப் பிந்தைய சோதனை

மோட்டார் சைக்கிளுக்கு ஆயில் மாற்றும்போது ஃபில்டரும் மாற்றப்பட்டிருந்தால், புதிய ஃபில்டர் தன் இருக்கையில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, ஆயில் அதற்குள் புகுந்துதான் இன்ஜினுக்குப் போகிறதா என்று பார்ப்பது இந்தச் சோதனையின் நோக்கம். நடைமுறையில் இது வெளிக்கசிவைப் பார்ப்பதோடு முடிந்துவிடுகிறது. வண்டிக்கு அடியில் சொட்டு விழவில்லை என்றால் சாவி கைமாறிவிடும். ஆனால் இன்ஜினையே காவு வாங்கக்கூடிய தவறுகளில் பல, ஒரு சொட்டுகூட வெளியே விடாதவை. தலைகீழாக நுழைந்த ஃபில்டர், உள்ளே விடுபட்ட சிறு ஓ-ரிங், பழைய ஃபில்டரோடு குப்பைக்குப் போன வாஷர் எல்லாம் மூடிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். கசிவு இல்லாததை மட்டும் வைத்துப் பொருத்தம் சரி என்று முடிவுகட்ட முடியாது.

ஃபில்டர் வகைகள்

எல்லா வண்டியிலும் மாற்றக்கூடிய ஃபில்டர் இருப்பதில்லை. ஹோண்டாவின் சிறிய கப் (Cub) இன்ஜின் வழிவந்த ஹீரோ ஸ்ப்ளெண்டர் போன்ற வண்டிகளில் காகித ஃபில்டர் கிடையாது. அடியில் ஒரு கம்பிச் சல்லடை, வலப்பக்கக் கவருக்குள் கிராங்க் முனையில் சுழலும் ஒரு கிண்ணம், அவ்வளவுதான். சுழற்சியில் கனமான அழுக்கு கிண்ணத்தின் சுவரில் ஒட்டிக்கொள்ளும், சுத்தமான ஆயில் நடுவழியே போகும். இப்படிப்பட்ட வண்டிக்கு ‘ஆயில் ஃபில்டர்’ என்று பில்லில் ஒரு வரி இருந்தால், அது எந்த உதிரிபாகம் என்று கேட்பது வாடிக்கையாளரின் உரிமை.

காகித ஃபில்டர் உள்ள வண்டிகள் இரண்டு கூட்டம். ஒன்றில், இன்ஜின் உடலிலேயே குடைந்த ஓர் அறைக்குள் உருளை வடிவ ஃபில்டர் நுழைந்து, மேலே மூடி போடப்படுகிறது. கேடிஎம் டியூக், ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன் 411, சுசூகி, யமஹாவின் பல ஒற்றைச் சிலிண்டர் வண்டிகள் இந்த வகை. மற்றொன்றில், தகர டப்பாவுக்குள் அடைத்த ஃபில்டர் அப்படியே இன்ஜினின் வெளிப்புறத்தில் திருகப்படுகிறது. 2018இல் வந்த ராயல் என்ஃபீல்டின் 650 சிசி இரட்டைச் சிலிண்டர் வண்டிகளிலும், நாலு சிலிண்டர் ஜப்பானிய வண்டிகள் பெரும்பாலானவற்றிலும் இப்போது இதுதான். முதல் வகையின் தவறு உள்ளே மறைந்திருக்கும். இரண்டாம் வகையின் தவறு பெரும்பாலும் வெளியே பீறிடும். சோதனையும் அதற்கேற்ப மாறவேண்டும்.

அறைக்குள் இருக்கும் ஃபில்டர்

இந்த வகையில் ஆயில் பெரும்பாலும் வெளியிலிருந்து உள்நோக்கிப் பாய்கிறது. பம்ப் தள்ளும் ஆயில் அறையை நிரப்பி, மடிப்புக் காகிதத்தைக் கடந்து, ஃபில்டரின் நடுத் துளைக்குள் சேர்ந்து, அங்கிருந்து கிராங்குக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் போகும். பல ஃபில்டர்களில் ஒரு முனை திறந்தும் மறுமுனை அடைத்தும் இருக்கும். திறந்த முனை இன்ஜினின் ஆயில் வழியைப் பார்த்து உட்காரவேண்டும். மாற்றிப் போட்டால் அடைத்த முனை அந்த வழியை மூடிவிடும், பம்ப் எவ்வளவு தள்ளினாலும் கேம் ஷாஃப்டுக்கு ஆயில் ஏறாது. மூடி பொருந்தும், போல்ட் இறுகும், வண்டி ஸ்டார்ட் ஆகும். சில நிமிடம் நன்றாகவும் ஓடும். பிறகு ஹெட்டிலிருந்து கரகர ஓசை, அதன்பின் இன்ஜின் சீஸ் ஆகி இறுகிவிடும். ஹோண்டாவின் பல சிஆர்எஃப் வண்டிகளுக்கான ஃபில்டரில் ‘வெளிப்பக்கம்’ என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருப்பதும், தலைகீழாகப் போட்டால் இன்ஜின் கடுமையாகச் சேதமாகும் என்று கையேடு எச்சரிப்பதும் இதனால்தான். அச்சு இல்லாத மலிவு ஃபில்டரைக் கையில் எடுக்கும் மெக்கானிக் துளையைப் பார்த்தே திசையை முடிவுசெய்யவேண்டும். இரு முனையும் திறந்த ஃபில்டரில் திசை பொருட்டல்ல என்று எண்ணுவதும் எப்போதும் சரியாகாது. சிலவற்றில் ரப்பர் வளையம் ஒரு பக்கம் மட்டுமே இருக்கும்.

அடுத்தது ஸ்பிரிங். மூடிக்கும் ஃபில்டருக்கும் நடுவே இருக்கும் ஸ்பிரிங்கின் வேலை, ஃபில்டரை ஆயில் வழியின் வாயில் அழுத்திப் பிடிப்பது. அது விடுபட்டால் ஃபில்டர் அறைக்குள் ஆடிக்கொண்டிருக்கும், ஆயில் காகிதத்தைச் சுற்றிக்கொண்டு அழுக்கோடு உள்ளே போகும். இதில் அழுத்தம் குறையாது, விளக்கு எரியாது, ஓசையும் வராது. பல ஆயிரம் கிலோமீட்டருக்குப் பிறகு தேய்ந்த பேரிங்தான் அதைக் காட்டிக்கொடுக்கும்.

இந்தச் சிறு பாகங்கள் எப்படிக் காணாமல் போகின்றன என்பதற்குப் பழைய, பேர்போன எடுத்துக்காட்டு ஹோண்டா சிபி750. 1969இல் வந்த இந்த நாலு சிலிண்டர் வண்டியில், இன்ஜினின் முன்பக்கம் சைலன்சர் குழாய்களுக்குப் பின்னால், துடுப்புகள் கொண்ட ஓர் அலுமினியக் கிண்ணத்துக்குள் ஃபில்டர் இருக்கும். நடுவில் ஒரு நீண்ட போல்ட், அதன்மேல் ஸ்பிரிங், ஸ்பிரிங்கின்மேல் ஒரு தட்டை வாஷர், அதன்மேல் ஃபில்டர். ஆயில் பிசுக்கில் வாஷர் பழைய ஃபில்டரின் அடியில் ஒட்டிக்கொள்ளும். கவனிக்காமல் ஃபில்டரை எறிந்தால் வாஷரும் போயிற்று. அப்புறம் ஸ்பிரிங் நேராகப் புதிய ஃபில்டரின் ரப்பர் வாயில் குத்தும், அடைப்பு சிதையும். வடிகட்டாத ஆயில் உள்ளே போனதற்கு வெளியில் எந்த அடையாளமும் இராது. இதே வரிசையை அடுத்த பல ஹோண்டா நாலு சிலிண்டர்களும் பின்பற்றியதால், பழைய வண்டி பிரியர்களிடையே ‘வாஷர் இருக்கிறதா’ என்பது முதல் கேள்வியாகிவிட்டது. கேட்கவேண்டிய கேள்விதான்.

ஓ-ரிங் விஷயமும் அப்படியே. மூடியைச் சுற்றி வரும் பெரிய ஓ-ரிங் விடுபட்டால் உடனே ஒழுகும், ஆகவே யாரும் மறப்பதில்லை. சில சுசூகி ஒற்றைச் சிலிண்டர்களில் ஃபில்டரின் நடுத்துளையை அடைக்க உள்ளே இன்னொரு சிறிய ஓ-ரிங் உண்டு. அதுதான் பழைய ஃபில்டரோடு ஒட்டி வெளியேறும் வழக்கம் உடையது. புதிய ஃபில்டருடன் வரும் பையில் எத்தனை வளையங்கள் இருந்தன, அவற்றில் எத்தனை மிச்சம் என்று எண்ணிப் பார்ப்பது மூடியைத் திறக்காமலே செய்யக்கூடிய சோதனை. பழைய ஓ-ரிங் நசுங்கித் தட்டையாகியிருந்தால் அதை மறுபடியும் போடக்கூடாது. அதற்குப் பதில் சிலிகான் பசை தடவுவது இன்னும் மோசம், பிதுங்கிய பசை உதிர்ந்து ஆயில் துளையை அடைக்க வழியுண்டு.

மூடியைப் பிடிக்கும் போல்ட்டுகள் பெரும்பாலும் 6 மி.மீ. மரை உள்ளவை. அலுமினியத்தில் இவற்றுக்கு 10 நியூட்டன் மீட்டர் அளவு இறுக்கம் போதும். கைவேகத்தில் இறுக்கினால் மரை உரிந்துவிடும். உரிந்த மரை அன்றைக்குப் பிடித்துக்கொண்டே இருக்கும், சூடும் குளிரும் மாறி மாறி வரும்போது ஒருநாள் கைவிடும். சோதிப்பவர் ஸ்பேனரை வைத்து மறுபடி இறுக்கிப் பார்ப்பது இதனாலேயே தவறான சோதனை. மூடி இன்ஜின் உடலோடு சுற்றிலும் இடைவெளியின்றிப் படிந்திருக்கிறதா என்று விளக்கு வெளிச்சத்தில் பார்ப்பது நல்லது. ஃபில்டர் தலைகீழாகவோ உயரம் மாறியோ இருந்தால், சில இன்ஜின்களில் மூடி ஸ்பிரிங்கின் வழக்கமான எதிர்ப்பைவிட அதிகமாக முரண்டுபிடிக்கும். போல்ட்டைக் கொண்டு இழுத்து உட்காரவைத்த மூடி சந்தேகத்துக்குரியது.

திருகும் டப்பா ஃபில்டர்

இங்கே முதல் எதிரி பழைய பேக்கிங். பழைய ஃபில்டரைக் கழற்றும்போது அதன் ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டு, புதிய ஃபில்டரின் வளையம் அதன்மேல் உட்கார்ந்தால் இரட்டை வளையமாகிவிடும். ஐட்லிங்கில் பிடித்துக்கொள்ளும், வேகம் கூடும்போது ஒரு வளையம் வழுக்கி வெளியேறும். கணக்குப் போட்டால் காரணம் விளங்கும். வளையத்தின் விட்டம் 60 மி.மீ. என்றால் உள்பரப்பு ஏறத்தாழ 28 சதுர செ.மீ. ஆயில் அழுத்தம் சதுர செ.மீ.க்கு 5 கிலோ இருந்தால் ஃபில்டரைப் பிய்த்துத் தள்ளும் விசை 140 கிலோ. பிய்ந்தால் ஆயில் முதலில் சூடான சைலன்சர் குழாயிலும், அடுத்துப் பின்சக்கரத்திலும் விழும். இன்ஜின் போவதற்கு முன்னால் ஓட்டுபவர் விழுவார்.

இரண்டாவது, மரை. ஜப்பானிய வண்டிகள் பலவற்றில் ஃபில்டர் திருகும் தண்டின் மரை 20 மி.மீ. விட்டம், 1.5 மி.மீ. இடைவெளி. ஹார்லி டேவிட்சன் போன்றவற்றில் முக்கால் அங்குலம், அங்குலத்துக்கு 16 மரை. முக்கால் அங்குலம் என்பது 19.05 மி.மீ., மரை இடைவெளி 1.59 மி.மீ. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். அங்குல ஃபில்டரை 20 மி.மீ. தண்டில் போட்டால் ஏறாது, அதனால் ஆபத்தில்லை. 20 மி.மீ. ஃபில்டரை அங்குலத் தண்டில் போட்டாலோ தாராளமாக ஏறும், மரையின் நுனி மட்டும் பிடித்துக்கொள்ளும், இறுகியதுபோலவும் தோன்றும். ‘ஏறிவிட்டதே’ என்பது பொருத்தத்துக்கு அடையாளமில்லை. பாக எண்ணை வண்டியின் மாடலோடும் ஆண்டோடும் ஒப்பிடுவதுதான் வழி. சென்னை புதுப்பேட்டையிலோ ஜிபி ரோட்டிலோ பெட்டியில்லாமல் வாங்கிய ஃபில்டராக இருந்தால் இந்த ஒப்பீடு இரட்டிப்பு அவசியம். மரை பொருந்தினாலும், காகிதம் அடைத்துக்கொண்டால் ஆயிலை நேராக விடும் பைபாஸ் வால்வு திறக்கும் அழுத்தமும், நிறுத்தும்போது ஆயில் திரும்பி வடியாமல் தடுக்கும் ரப்பர் வால்வும் மாடலுக்கு மாடல் வேறுபடும். சில இன்ஜின்களில் பைபாஸ் ஃபில்டரில் இல்லை, இன்ஜினிலேயே இருக்கிறது. வெளிப்பார்வையில் இது எதுவும் தெரியாது.

இறுக்கத்தைப் பற்றிப் பொதுவிதி சொல்வது கடினம். வளையம் தொட்டபின் முக்கால் சுற்று என்பது கார் உலகிலிருந்து வந்த வழக்கு. சுசூகியின் சில கையேடுகள் வளையம் தொட்டபின் இரண்டு சுற்று என்கின்றன. ஹோண்டா 26 நியூட்டன் மீட்டர், கவாசாகியும் யமஹாவும் பல மாடல்களுக்கு 17 நியூட்டன் மீட்டர் தருகின்றன. வளையத்தில் புது ஆயில் தடவியிருக்கவேண்டும் என்பதில் மட்டும் எல்லோரும் ஒன்று. காய்ந்த ரப்பர் திருகும்போது மடிந்துகொள்ளும்.

ஸ்டார்ட் செய்த பிறகு

ஃபில்டர் அறை காலியாக இருப்பதால் முதல் சில நொடி இன்ஜினுக்கு ஆயில் தாமதமாகவே போகும். கேடிஎம் கையேடுகள் பல, வண்டியைச் சாய்த்து ஃபில்டர் அறையில் மூன்றில் ஒரு பங்கு ஆயில் ஊற்றி, ஃபில்டரையும் ஆயிலில் நனைத்துப் போடச் சொல்வது இந்தத் தாமதத்தைக் குறைக்கத்தான். ஆக்சிலேட்டரைத் திருகாமல் ஐட்லிங்கில் விடவேண்டும். ஆயில் அழுத்த விளக்கு உள்ள வண்டியில் சில நொடியில் அது அணைந்தாக வேண்டும். அணையவில்லை என்றால் ‘கொஞ்சம் ரேஸ் பண்ணிப் பார்க்கலாம்’ என்பது கூடவே கூடாது, சாவியைத் திருப்பி நிறுத்தவேண்டும். அணைந்த விளக்கும் முழு உறுதி தருவதில்லை. அழுத்தம் இருக்கிறது என்று மட்டும் சொல்லும், ஆயில் வடிகட்டப்பட்டு வருகிறதா என்று சொல்லாது.

நம்மூர்ச் சின்ன வண்டிகளில் பலவற்றுக்கு அந்த விளக்கும் கிடையாது. யமஹாவின் பல ஒற்றைச் சிலிண்டர் மாடல்களுக்கான பணிமனைக் கையேடு இதற்கு எளிய வழி வைத்திருக்கிறது. சிலிண்டர் ஹெட்டில் ஆயில் வழியை மூடும் போல்ட்டைச் சற்றே தளர்த்தி, ஐட்லிங்கில் ஓடவிட்டால், அதன் ஓரத்தில் ஆயில் கசிந்து வரவேண்டும். ஒரு நிமிடத்தில் வரவில்லையென்றால் இன்ஜினை நிறுத்திவிடவேண்டும். தலைகீழ் ஃபில்டரைப் பிடிக்க இதைவிட நேரடியான சோதனை இல்லை, ஏனென்றால் ஆயில் கடைசியாகப் போய்ச் சேரும் உச்சியிலேயே அது கேள்வி கேட்கிறது. சர்வீஸ் நிலையங்கள் இதை ஏன் வழக்கமாக்கவில்லை என்பது புரியாத புதிர். ஒரு ஸ்பேனரும் ஒரு துணியும் போதும்.

இரண்டு மூன்று நிமிடம் ஓடியபின் மூடி விளிம்பு, டப்பாவின் கழுத்து, அடியில் டிரெய்ன் போல்ட் மூன்றையும் சுத்தத் துணியால் துடைத்து, மறுபடி ஓடவிட்டுப் பார்க்கவேண்டும். ஊற்றும்போது சிந்திய ஆயிலையும் உண்மையான கசிவையும் பிரிக்க இப்படித் துடைப்பதுதான் வழி. பிறகு நிறுத்தி, இரண்டு மூன்று நிமிடம் கழித்து, வண்டியை நேராக நிமிர்த்தி ஆயில் அளவைப் பார்க்கவேண்டும். ஃபில்டர் மாற்றும்போது கூடுதலாகச் செல்லும் ஆயில் வண்டிக்கு வண்டி 100 முதல் 300 மி.லி. வரை இருக்கும். அதனால் முதல் ஓட்டத்துக்குப் பின் அளவு கொஞ்சம் இறங்குவது இயல்பு. குறைந்ததை நிரப்பாமல் கொடுப்பது சர்வீசில் அடிக்கடி நடக்கும் சோம்பல். சர்வீஸ் முடிந்து முதல் 50 அல்லது 100 கிலோமீட்டரில் இன்னொரு முறை பார்ப்பது நல்லது. மறுநாள் காலை குளிர்ந்த ஆயில் தடித்திருக்கும், அழுத்தம் உச்சத்தில் இருக்கும். அரைகுறையாக உட்கார்ந்த வளையம் தன் குணத்தைக் காட்டுவது பெரும்பாலும் அப்போதுதான்.

ஃபில்டர் கிண்ணத்தைத் தொட்டுப் பார்த்து, சூடேறியிருந்தால் ஆயில் ஓடுகிறது என்று சொல்லும் பழக்கமும் சில பழைய மெக்கானிக்குகளிடம் உண்டு. உலோகம் தானே சூட்டைக் கடத்தும் என்பதால் அதற்குச் சான்று மதிப்புக் குறைவு.

பந்தய வண்டிகளில் சோதனை இன்னும் கடுமை. ஆயில் தேங்கும் இடத்தை எட்டும் வெளிப்புற போல்ட்டுகளும் ஃபில்டரும் கம்பியால் கட்டப்பட்டிருக்கவேண்டும் என்று பன்னாட்டுச் சாலைப் பந்தய விதிகள் கேட்கின்றன. தடத்தில் ஒருவர் சிந்தும் ஆயிலில் பின்னால் வருபவர்களும் வழுக்குவார்கள். டப்பா ஃபில்டருக்குக் கம்பி கட்ட இடம் இல்லாததால், அதைச் சுற்றி ஒரு குழாய்க் கிளிப் இறுக்கி, அதிலிருந்து கம்பி இழுப்பார்கள்.

பழைய ஃபில்டரிலிருந்து தெரிவது

கழற்றிய ஃபில்டரைக் கேட்டு வாங்கிப் பார்ப்பதில் பயன் உண்டு. அடுத்த சர்வீசில் அறுத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். ரப்பரில் இருக்கை பதிந்த தடம் முழு வட்டமாக, சீரான ஆழத்தில் இருந்தால் அந்த ஃபில்டர் நன்றாக உட்கார்ந்திருந்தது. ஒருபக்கம் மட்டும் அழுந்தியிருந்தால் சாய்ந்திருந்தது. நடுக்குழாய் உள்நோக்கி நசுங்கியிருந்தால் காகிதம் தாங்க முடியாத அழுத்தம் வந்திருக்கிறது, அடைப்போ தடித்த ஆயிலோ காரணமாகலாம். 5,000 கிலோமீட்டர் ஓடிய பிறகும் காகித மடிப்புகள் புதிதுபோல் பளிச்சென்று இருந்தால் மகிழ்வதற்கு ஒன்றுமில்லை. ஆயில் அந்தக் காகிதத்தின் வழியே போகவில்லை என்று சந்தேகித்து, ஸ்பிரிங்கையும் வாஷரையும் உள் ஓ-ரிங்கையும் தேடவேண்டும்.