கண்ணொளி காத்த வரலாறு

சென்ற திங்கள் ஒரு மாலைப் பொழுதில், பட்டினச்சேரிக் கடற்கரையில் வலை பழுதுபார்த்துக் கொண்டிருந்த முதியவர் ஒருவருடன் யாம் உரையாடிக் கொண்டிருந்தோம். அவர்தம் வலக்கண்ணின் பாவையில் வெண்மை படர்ந்திருந்தது. இடக்கண்ணும் மங்கி வருகின்றதென அவரே கூறினார். விரலால் தடவித் தடவியே அவர் கண்ணி முடிந்துகொண்டிருந்தார். கண் மருத்துவமனைக்குச் செல்லலாகாதா என வினவினோம். "வாத்தியாரே, கண்ணில் கத்தி வைப்பது நேற்று வந்த பழக்கம். என் அப்பனும் பாட்டனும் கண் மங்கியேதான் காலம் கழித்தார்கள். நானும் அப்படியே இருந்துவிட்டுப் போகிறேன்" என்றார்.

அவர் கூற்றில் இரண்டு கருத்துகள் உள. கண் சிகிச்சை நேற்று வந்தது என்பது ஒன்று. முன்னோர் பொறுத்தமையின் நாமும் பொறுத்தல் வேண்டும் என்பது மற்றொன்று. முன்னது வரலாற்றோடு பொருந்தாது. பின்னது நம் நலத்தோடு பொருந்தாது. இதனை நம் சங்க அன்பர்கட்கு விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கண்ணின் அருமையைச் சோழநாட்டார்க்குப் பிறர் வந்து எடுத்துரைத்தல் வேண்டா. பார்வை இழந்த சுந்தரமூர்த்தி நாயனார் காஞ்சியில் இடக்கண்ணும் திருவாரூரில் வலக்கண்ணும் பெற்ற வரலாற்றை நாம் சிறுவயது முதற் கேட்டு வருகின்றோம். பிறவிக் குருடராகிய தண்டியடிகள் கயிற்றைப் பற்றித் தடவிக்கொண்டே திருவாரூர்த் திருக்குளத்தைத் தோண்டினார் எனப் பெரிய புராணம் கூறும். தடவித் தடவி வலை முடிந்த முதியவரைக் கண்டபோது அவ்வடியாரே எம் நினைவுக்கு வந்தார். ஆயினும் தண்டியடிகளின் குறை பிறவியில் வந்தது; இம்முதியவரின் குறையோ மருத்துவத்தால் நீங்குவது. இவ்வேறுபாட்டை நாம் மறத்தலாகாது.

கண்புரை என்பது கண்ணின்மேல் வளரும் தோல் என்று நம்மவர் பலர் கருதுகின்றனர். அஃது அவ்வாறன்று. கருமணிக்குப் பின்னே பளிங்கு போன்றதொரு வில்லை இயற்கையாக அமைந்துள்ளது. முதுமையில் அது வெளுத்து ஒளியை மறைக்கின்றது. அதுவே புரை. இலைச்சாறும் தாய்ப்பாலும் கண்ணில் விடுவதால் இது கரையாது. புண்ணும் சீழும் உண்டாதலே மிகுதி.

இந்நோய்க்கு நம் நாட்டில் மிகப் பழங்காலத்திலேயே சிகிச்சை இருந்தது. வடமொழி மருத்துவ நூலாகிய சுசுருத சங்கிதையில் அது விரித்துரைக்கப்பட்டுள்ளது. கூரிய கருவியைக் கண்ணுட் செலுத்தி, வெளுத்த வில்லையைப் பார்வை வழியினின்றும் கீழே தள்ளுதலே அம்முறை. ஒளி புகும், உருவங்கள் ஓரளவு தோன்றும். ஆயினும் வில்லை கண்ணினுள்ளேயே கிடத்தலின், பின்னர் வீக்கமுற்றுக் கண்ணையே இழந்தாரும் பலர். வில்லையை வெளியே எடுத்துவிடும் முறையை 1747ஆம் ஆண்டிற் செய்து காட்டியவர் பிரெஞ்சு நாட்டு மருத்துவர் ழாக் தவியேல் ஆவர். அவர்தம் நாட்டார் தஞ்சை மன்னரிடமிருந்து காரைக்காலைப் பெற்றது 1739ஆம் ஆண்டில். ஆகவே அக்கொடி நம் கரையில் ஏறி எட்டாண்டுகள் சென்றபின் அப்புது முறை பிறந்தது எனலாம்.

இனி, நம் கரைக்கு மேற்கே, காவிரி வரும் வழியிலுள்ள தஞ்சையை நோக்குவோம். 1798 முதல் 1832 வரை அங்கே அரசுக் கட்டிலில் இருந்தவர் இரண்டாம் சரபோஜி மன்னர். சரசுவதி மகால் நூல்நிலையத்தை அவர் வளர்த்தமை யாவரும் அறிந்ததே. அவர் மருத்துவத்திலும், சிறப்பாகக் கண் மருத்துவத்திலும், பேரீடுபாடு கொண்டவர் என்பதைப் பலர் அறியார். தன்வந்திரி மகால் என்னும் மருத்துவ நிலையத்தை அவர் நடத்தினார். கண்ணோயாளர்களின் நோய்க் குறிப்புகளை எழுதுவித்து, அவர்தம் கண்களை வண்ண ஓவியங்களாகவும் தீட்டுவித்தார். அவ்வேடுகள் இன்றும் சரசுவதி மகாலில் உள்ளன. அரசர் ஒருவர் எளிய குடிமக்களின் நோயுற்ற கண்களைத் தனித்தனியே ஓவியமாக வரைந்து காக்கச் செய்தார் என்பது நாம் போற்றத்தக்க செய்தியன்றோ? நம் முதியவர் 'நேற்று வந்தது' என்ற பழக்கம் இருநூறு ஆண்டுகட்கு முன்னரே தஞ்சையில் ஏட்டில் ஏறிவிட்டது.

சரபோஜி வாழ்ந்த அந்நாளிலேயே, 1819ஆம் ஆண்டில், சென்னையில் கண்ணுக்கென்றே ஒரு மருத்துவமனை தோன்றியது. இன்று எழும்பூரில் உள்ள அரசு கண் மருத்துவமனை அதுவே. உலகிலுள்ள மிகப் பழைய கண் மருத்துவமனைகளுள் அதுவும் ஒன்றாகும். அங்குப் பணிபுரிந்த எலியட் என்னும் மருத்துவர் 1909ஆம் ஆண்டில் கண் அழுத்த நோய்க்கு ஓர் அறுவை முறையைக் கண்டார். அது மேனாடுகளிலும் பரவியது. கிளாக்கோமா எனப்படும் இந்நோய் புரையினும் கொடியது. கண்ணுள் நீரின் அழுத்தம் மிகுந்து பார்வை நரம்பைச் சிறிது சிறிதாக அழிக்கும். பெரும்பாலும் வலி இராது. ஓரப் பார்வை முதலிற் குறைதலின் நோயாளி தாமே அறியார். புரையால் மறைந்த ஒளியை மீட்கலாம். இந்நோயால் இழந்த ஒளி மீளாது. எஞ்சியதைக் காக்க மட்டுமே இயலும். ஆதலின் நோய் தெரியுமுன்னரே சோதித்தல் இன்றியமையாதது.

அச்சோதனைகளும் ஒரு நாளில் தோன்றியன அல்ல. உயிருள்ள மனிதரின் கண்ணினுள்ளே நோக்கும் கருவியை 1851ஆம் ஆண்டில் செருமானிய அறிஞர் எல்ம்கோல்ட்சு ஆக்கினார். பெரிதிலிருந்து சிறிதாக எழுத்துகள் இறங்கும் அட்டையை 1862ஆம் ஆண்டில் ஆலந்து நாட்டு மருத்துவர் சினெல்லன் அமைத்தார். இருபதடி தொலைவில் நின்று அதனைப் படிக்கச் சொல்லுதலே இன்றளவும் முதற் சோதனை. பின்னர்க் கண்ணின் அழுத்தத்தை அளப்பர். சொட்டு மருந்திட்டுப் பாவையை விரித்து உள்நரம்பை நோக்குவர். நீரிழிவுடையார்க்கு இவ்வுட்சோதனை ஆண்டுதோறும் வேண்டும். "எனக்கு எழுத்துத் தெரியாதே, அங்கே போய் நாணப்பட வேண்டுமா?" என நம் தாய்மார் சிலர் தயங்குகின்றனர். அவர்கட்கெனவே வேறோர் அட்டை உண்டு. அதில் மூன்று பல்லுடைய சீப்புப் போன்ற ஒரே வடிவம் நான்கு திசையிலும் திரும்பி நிற்கும். பல் எப்பக்கம் உள்ளதென்று கையாற் காட்டினாற் போதும்.

ஈண்டு எம் பிழையொன்றையும் மறையாது கூறுதல் கடனாகும். பல்லாண்டுகட்கு முன், எம் வகுப்பில் நம் குலத்துச் சிறுவன் ஒருவன் இருந்தான். கரும்பலகையில் எழுதியதைத் தவறாகவே எழுதுவான். வாய்ப்பாடமோ பிழையின்றி ஒப்பிப்பான். யாம் அதனைச் சோம்பல் எனக் கருதிப் பன்முறை பலகைமீது நிறுத்தினோம். அவன் எட்டாம் வகுப்போடு நின்று படகேறிவிட்டான். பின்னர் ஒரு கண் முகாமிற் சோதித்தபோது, அவனுக்குக் கிட்டப்பார்வை இருந்தமை வெளிப்பட்டது. கண்ணாடி அணிந்து எம்மிடம் வந்து, "ஐயா, பனையில் ஓலை தனித்தனியாக இருப்பது இப்போதுதான் தெரிகிறது" என்றான். எமக்கு மறுமொழி எழவில்லை. அன்று அரை நாழிகைச் சோதனை நிகழ்ந்திருப்பின் அவன் கல்வி நின்றிராது.

கண்ணொளி காக்கும் பொருளை உலகுக்கு ஈந்தவருள் நம் தொழிலினரும் உண்டு. வைட்டமின் ஏ குறைவால் மாலைக்கண் நோய் தோன்றும். அச்சத்து மீன் ஈரல் எண்ணெயில் மிகுதியாக உள்ளது. இரண்டாம் உலகப் போரின்போது மேனாட்டு மீனெண்ணெய் வருதல் அரிதாகவே, நம் நாட்டுக் கடலிற் பிடித்த சுறாவின் ஈரலினின்றும் எண்ணெய் எடுத்து மருந்தாகப் பயன்படுத்தினர். பிறர் கண்ணுக்கு மருந்து தந்த நம் கரையிலோ வெயிலும் உப்புக்காற்றும் மணலும் பட்டுக் கண்ணிற் சதை வளர்ந்தோர் பலர். நாற்பதைக் கடந்தார்க்கு வெள்ளெழுத்து வரும், எமக்கும் வந்துள்ளது. எமக்கு ஏடு மங்குகின்றது. வலை முடிவார்க்குக் கண்ணி மங்குகின்றது. இரண்டிற்கும் ஒரு கண்ணாடியே மருந்து.

புரைச் சிகிச்சையின் இறுதிப் படியையும் கூறுவோம். வெளுத்த வில்லையை எடுத்தபின் அவ்விடம் வெறிதாதலின், முற்காலத்தார் தடித்த கண்ணாடி அணிந்தனர். 1949ஆம் ஆண்டில் இலண்டனில் அரால்டு ரிட்லி என்பார் செயற்கை வில்லையை முதன்முதற் கண்ணுட் பொருத்தினார். அது ஏழைகட்கும் எய்தச் செய்தவருள் தலையாயவர் மருத்துவர் கோ. வேங்கடசாமி ஆவர். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிய நிலையிலும் அறுவைத் தொழிலைப் பயின்று தேர்ந்த பெருமகனார் அவர். அரசுப் பணியினின்றும் ஓய்வு பெற்றபின், 1976ஆம் ஆண்டில் மதுரையில் பதினொரு படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். பொருளுடையார் தரும் கட்டணத்தைக் கொண்டு இல்லார்க்கும் சிகிச்சை செய்தலே அதன் நெறி. வெளிநாட்டு வில்லையின் விலை ஏழைக்கு எட்டாமையின், 1992 முதல் மதுரையிலேயே குறைந்த விலையில் வில்லைகள் செய்யப்படலாயின. 2003 முதல் அம்மருத்துவமனை புதுச்சேரியிலும் நடைபெறுகின்றது. வேங்கடசாமியார் 2006ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் ஏற்றிய ஒளி மறையவில்லை.

இவையனைத்தையும் அம்முதியவரிடம் சுருக்கமாகக் கூறினோம். அவர் நெடுநேரம் பேசாதிருந்து, பின் மெல்லக் கூறினார்: "ராசா காலத்திலேயே இருந்ததா? நல்லது வாத்தியாரே. மகன் கடலுக்குப் போய்விடுவான். மருமகள் மீன் கூடை தூக்கிப் போய்விடுவாள். என்னோடு கூட வருவது யார்?"

அன்பர்காள்! கத்தியின் அச்சம் முதலிற் சொன்ன காரணம். துணையின்மையே மெய்யான காரணம். ஆதலின் நம் சங்கத்தார்க்கு எம் வேண்டுகோள் இது. தெருவுக்கு ஒருவராக இளைஞர் முன்வந்து, கண் மங்கிய முதியோர், தாய்மார், பள்ளிச் சிறுவர் ஆகியோர் பெயர்களை எழுதுக. முகாம் நாளிலும் மருத்துவமனை நாளிலும் அவர்களோடு உடன் சென்று, உடன் திரும்புக. பெரும்பொருள் வேண்டுவதில்லை; ஒரு பகற்பொழுது வேண்டும்.

அம்முதியவர்க்கு, "யாம் வருவோம்" என்று சொல்லியிருக்கின்றோம். வரும் ஞாயிறன்று காலை முதற் பேருந்தில் அவருடன் புறப்படுகின்றோம். அடுத்த முறை நம் அன்பர் வேறொருவரும் உடன் வருவாராயின், அதுவே இக்கட்டுரை பெறும் பரிசிலாகும்.