ஒரே ஒரு டி-ஷர்ட்

டி-ஷர்ட்டில் நாமே படம் போட்டுக்கொள்வது கம்ப்யூட்டர் வந்த பிறகு வந்த சமாச்சாரம் என்றுதான் பலரும் நினைக்கிறோம். கொஞ்சம் நோண்டிப் பார்த்தால், கதை பாட்டி காலத்து எம்பிராய்டரியில் போய் நிற்கிறது.

1870-களில் மான்செஸ்டரில் பிரிக்ஸ் என்ற கம்பெனி ஒரு காகிதம் விற்றது. அதில் பூவும் கொடியும் சூட்டில் உருகும் மையால் அச்சாகியிருக்கும். துணி மேல் கவிழ்த்து வைத்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்தினால் கோடுகள் துணிக்கு வந்துவிடும். அப்புறம் தைக்க வேண்டியதுதான். நம் வீடுகளில் இதற்கு வேறு வழி இருந்தது. பட்டர் பேப்பரில் ஊசியால் பொடிப் பொடியாகத் துளை போட்டு, மண்ணெண்ணெயில் நீலப்பொடி கலந்து பஞ்சால் தடவினால் டிசைன் இறங்கிவிடும். என் அம்மா தலையணை உறையில் மயில் இறக்கியது இப்படித்தான். வழி எதுவானாலும், வீட்டில் இருக்கும் ஒருத்தி தனக்குப் பிடித்த படத்தைத் தானே துணிக்குக் கொண்டுவந்தாள்.

டி-ஷர்ட்டின் கதை வேறு. அது அமெரிக்கக் கடற்படையின் உள்ளாடை. ராணுவத்தில் அதில் எழுத்தும் ஏறியது. 1942 ஜூலையில் 'லைஃப்' பத்திரிகை அட்டையில் ஒரு சிப்பாய், விமானப்படைத் துப்பாக்கிப் பயிற்சிப் பள்ளியின் பெயர் அச்சிட்ட டி-ஷர்ட்டோடு நிற்கிறார். 1948 அதிபர் தேர்தலில் டூயி பெயரில் பிரச்சார டி-ஷர்ட் போட்டார்கள். அவர் ட்ரூமனிடம் தோற்றுப்போனார், டி-ஷர்ட் மட்டும் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இடம் பிடித்துவிட்டது :-)

கவனியுங்கள், பேசியதெல்லாம் படையும் கட்சியும். காரணம் ஸ்க்ரீன் பிரிண்டிங் கணக்கு. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு ஸ்க்ரீன் தயார் செய்ய வேண்டும். ஒன்று அடித்தாலும் ஆயிரம் அடித்தாலும் அந்த வேலை அதேதான். ஆயிரம் பேர் சேர்ந்து சொல்ல விரும்புவதைச் சொல்லலாம், ஒருவர் மட்டும் சொல்ல விரும்பினால் கட்டாது.

இதை உடைத்தது பிளாஸ்டிசால். பி.வி.சி. துகள்களை ஒரு எண்ணெய்ப்பசைத் திரவத்தில் கலந்த மை இது. சூடு படாமல் காயவே காயாது. காகிதத்தில் அச்சடித்து அரைப்பதமாக வேகவைத்து அடுக்கிவிடலாம், வேண்டும்போது துணியில் வைத்து அழுத்தினால் மீதியும் வெந்து பிடித்துக்கொள்ளும். 1970-களில் அமெரிக்கக் கடைகளில் சுவர் முழுக்க இந்தப் படங்களைத் தொங்கவிட்டிருந்தார்கள். கைகாட்டினால் அங்கேயே அழுத்திக் கொடுத்தார்கள். ஆனாலும் சுவரில் இருப்பதைத்தான் கேட்க முடியும். 1990-களில் கலர் இங்க்ஜெட் பிரிண்டர் வீட்டுக்குள் வந்து, அதற்கேற்ற டிரான்ஸ்ஃபர் தாளும் கடைக்கு வந்த பிறகுதான் அந்தச் சுவரும் போனது.

அகமதாபாத்தில் இது எங்களுக்கு நிஜமாகவே தேவைப்பட்டது. பள்ளியில் குஜராத்தியும் இந்தியும் பேசும் என் மகளுக்கு, தோழிகள் வாயில் நுழையாத 'ழ' மேல் தனிப் பெருமை. அந்த ஒரு எழுத்து போட்ட டி-ஷர்ட் வேண்டும் என்றாள். இந்த ஊர்க் கடையில் எங்கே கிடைக்கும்? ஸ்க்ரீன் பிரிண்டிங் கடைக்காரர் இருபத்தைந்துக்குக் குறைந்து அடிப்பதில்லை என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, ஸ்க்ரீன் கணக்கு அப்படி.

ஆகவே வீட்டிலேயே. எழுத்தைக் கண்ணாடியில் தெரிவது போலத் திருப்பி அச்சிட்டு, ஓரத்தை ஒட்டி வெட்டிக்கொண்டோம். மெத்தென்ற இஸ்திரி மேஜையில் அழுத்தம் சரியாக விழாது என்பதால் கட்டிப் பலகை மேல் பழைய தலையணை உறை. இஸ்திரிப் பெட்டியில் தண்ணீர் இல்லாமல், பருத்திக்கான சூடு. தாளில் இருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் படலம் உருகி நூலிழைகளைக் கவ்வி, ஆறியதும் இறுகிவிடும். இவ்வளவுதான் ரகசியம். டி-ஷர்ட்டின் கழுத்துப் பட்டியில் பார்த்தால் திருப்பூர்! (பனியன் என்ற சொல்லோ, 'வாணியோ' என்ற குஜராத்தி வணிகர் பெயர் போர்த்துகீசியர், ஆங்கிலேயர் வாய்களில் புரண்டு வந்தது. ஆக, கணக்கு நேர்.)

மறுநாள் நாலு பேர் இது என்ன எழுத்து என்று கேட்டார்களாம். நாலு பேருக்கும் நாக்கை மடிக்கச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள்.

உட்புறம் வெளியே திருப்பித் துவைத்தாலும் அந்தப் படலம் கொஞ்ச நாளில் வெடித்து உரியத்தான் செய்யும். டூயி டி-ஷர்ட்டுக்கு அருங்காட்சியகம் இருக்கிறது. வீட்டில் ஒருவர் ஒருவருக்காகப் போட்டவை வண்டி துடைக்கும் துணியாகிவிடுகின்றன. நாளைக்கு யாராவது டி-ஷர்ட் வரலாறு எழுதினால், படையும் கட்சியும் கம்பெனியும் மட்டும்தான் பேசியதாகத் தெரியும். உங்கள் வீட்டில் அப்படி ஒன்று இருந்தால், உரிவதற்குள் ஒரு போட்டோ எடுத்து, யார் யாருக்காகப் போட்டது என்று பின்னால் எழுதி வையுங்கள்.