பேனாக்கத்தியும் உருக்கின் தெரிவும்

சிறு கத்தி ஒன்றிற்கு எவ்வுருக்கைத் தெரிவு செய்வது என்பது கம்மியரின் பட்டறைக்குள் முடிந்துவிடும் வினாவாகவே தோன்றும். எனினும், பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இவ்வினாவிற்குக் கிடைத்த விடைகள், தரம் மட்டுமே ஒரு பொருளின் வெற்றியை நிருணயிப்பதில்லை என்பதை உணர்த்துகின்றன.

அக்காலத்தில் எழுத்தறிந்தோர் இறகுப் பேனாவைச் சீவுவதற்குப் பேனாக்கத்தியை உடன் வைத்திருந்தனர். அதன் மெல்லிய அலகிற்குக் கூர் மழுங்காத கடினமும், எளிதில் முறியாத உறுதியும் ஒருங்கே வேண்டும். ஆனால், ஷெபீல்ட் நகரக் கம்மியர் கையாண்ட உருக்கோ இரும்புச் சட்டங்களை மரக்கரியுடன் பல நாட்கள் சூடாக்கிப் பெறப்பட்டது. காபன் மேற்பரப்பிலிருந்து உட்புகுந்தமையால் அது எங்கும் ஒரே தன்மையுடையதாக அமையவில்லை. இரும்பிலிருந்த கசடும் நீங்கவில்லை.

கடிகாரத் தொழிலாளரான பெஞ்சமின் ஹன்ற்ஸ்மன், 1740களில் இவ்வுருக்கை மூசை எனும் களிமண் கலத்திலிட்டு முற்றாக உருக்கி அக்குறைகளை நீக்கினார். உள்ளூர்க் கம்மியர் அது மிகக் கடினமானதென ஒதுக்கினர். பிரெஞ்சுக் கம்மியரோ அதனை விரும்பி வாங்கினர். அவர்களின் கத்திகள் போட்டிக்கு வந்த பின்னரே ஷெபீல்ட் தன் மனத்தை மாற்றியதென்பர்.

மூசையில் உருக்கு ஆக்கும் தொழில் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே வழக்கிலிருந்தது. கன்னடத்து ‘உக்கு’ என்ற சொல்லின் திரிபாகக் கருதப்படும் ‘வூட்ஸ்’ என்ற பெயரால் ஐரோப்பியர் அவ்வுருக்கை அறிந்தனர். பம்பாயிலிருந்து மருத்துவர் ஹெலனஸ் ஸ்கொற் அனுப்பிய கட்டிகளை ஆராய்ந்த ஜோர்ஜ் பியர்சன், 1795இல் இலண்டன் றோயல் கழகத்தில் தம் முடிபுகளை வெளியிட்டார். அவ்வாய்வின்போது அவ்வுருக்கிலிருந்து பேனாக்கத்தி ஒன்றை அடித்தவர் ஜேம்ஸ் ஸ்ரொடார்ட் என்ற கம்மியர். இருளில் மட்டுமே செம்மை தெரியும் குறைந்த வெப்பத்தில் அவர் அதனை அடித்தார். பின்னாளில், ஐரோப்பாவின் மிகச் சிறந்த உருக்கினும் வூட்ஸையே தாம் விரும்புவதாகத் தம் வணிக அட்டையிலும் அறிவித்தார். மைக்கேல் பரடேயுடன் இணைந்து 1820இல் அவர் வெளியிட்ட உருக்குக் கலப்புலோக ஆய்விற்கும் வூட்ஸ் பற்றிய தேடலே தூண்டுகோலாயிற்று.

அவ்வாறாயின், ஷெபீல்டின் பட்டறைகளை வூட்ஸ் ஏன் வெல்லவில்லை? அது தரத்தில் தாழ்ந்ததன்று. காபன் மிகுந்த அவ்வுருக்கு, மிகையாகச் சூடேற்றினால் சுத்தியலடியில் நொறுங்கிவிடும். அதனைக் கையாளும் பக்குவம் ஆங்கிலக் கம்மியர் பலரிடம் இருக்கவில்லை. அது சிறு கட்டிகளாகக் கடல் கடந்து வரவேண்டியிருந்தது. கட்டிக்குக் கட்டி தன்மையும் வேறுபட்டது. ஷெபீல்டும் சுவீடன் நாட்டு இரும்பையே பெரிதும் நம்பியிருந்தது. ஆயினும், அவ்விரும்பை ஒரே சீரான உருக்காகத் தொடர்ந்து வழங்கும் ஒழுங்கு அங்கு உருவாகியிருந்தது. தெரிவைத் தீர்மானித்தவை கைப்பழக்கமும் வழங்கலுமே எனலாம்.

ஹன்ற்ஸ்மனின் பெயரை வரலாறு பேணுகின்றது. பியர்சன் ஆராய்ந்த கட்டிகளை ஆக்கியோரின் பெயர்கள் எஞ்சவில்லை. இலங்கையின் மூசை உருக்குத் தொழிலை ஆனந்த குமாரசுவாமி தமது 1908ஆம் ஆண்டு நூலில் பதிவு செய்தபோது, அது அழிவின் விளிம்பில் நின்றது. தோற்ற தொழில் யாவும் தாழ்ந்த தொழிலே என எண்ணுவோருக்கு, ஸ்ரொடார்ட் அடித்த அச்சிறு கத்தி தக்க மறுப்பாகும்.