ஆயிரத்திலிருந்து ஆயிரத்துக்குப் பத்து வருடம்

"அண்ணா, விலைவாசி ஏறுது, கம்பனிகள் ஆட்களைக் குறைக்குது. இப்ப பங்குகளில காசு போடலாமா?" முதல் வேலையில் சேர்ந்த தம்பி தங்கைகள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதைத்தான். நான் சோதிடர் இல்லை. ஆனால் இந்த இரட்டைத் தலைவலி 1970களில் அமெரிக்காவுக்கு வந்தது. அதைச் சொல்கிறேன்.

1972 நவம்பரில் டவ் ஜோன்ஸ் குறியீடு முதன்முறையாக 1000க்கு மேல் முடிந்தது. ஊரே கொண்டாட்டம். 'நிஃப்டி ஃபிஃப்டி' என்று ஐம்பது பெரிய கம்பனிகள். அவற்றை வாங்கினால் போதும், விற்கவே வேண்டாம் என்றார்கள். போலராய்டு பங்கை அதன் வருட இலாபத்தின் 90 மடங்குக்கு மேல் கொடுத்து வாங்கினார்கள்!

1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. சில மாதங்களிலேயே பீப்பாய் விலை சுமார் 3 டாலரிலிருந்து 12 டாலர் அளவுக்குப் போனது. எண்ணெயை மட்டும் குற்றம் சொல்லக்கூடாது. விலைவாசி அதற்கு முன்பே ஏறத் தொடங்கியிருந்தது. 1971இல் நிக்சன் டாலருக்கும் தங்கத்துக்கும் இருந்த தொடர்பை வெட்டியிருந்தார். 1974இல் பணவீக்கம் 11%. அந்த டிசம்பரில் டவ் 577. போலராய்டு ஏறத்தாழ 90% விழுந்தது. லண்டன் சந்தை இதைவிட மோசம்.

விலைவாசி ஏறினால் கம்பனியின் வரவும் ஏறும்தானே, பங்கு ஏன் விழவேண்டும்? இப்படி யோசியுங்கள். இருபது வருடம் கழித்து வரப்போகும் 100 டாலருக்கு இன்று எவ்வளவு கொடுப்பீர்கள்? வங்கி வட்டி 3% என்றால் 55 டாலர் கொடுக்கலாம். வட்டி 10% என்றால் 15 டாலர்கூட அதிகம். கம்பனி அதேதான், இலாபமும் அதேதான்; விலை மட்டும் கரைந்துவிடும். தூரத்து இலாபத்தை நம்பி வாங்கிய பங்குகள்தான் முதலில் அடிவாங்கும். 2022இல் தொழில்நுட்பப் பங்குகள் சரிந்ததற்கும் இது ஒரு முக்கிய காரணம்.

1982 அக்டோபரில் டவ் மறுபடி 1000ஐத் தாண்டியது. பத்து வருடத்தில் நட்டமில்லை என்று தோன்றும். ஆனால் 1972இல் 100 டாலருக்கு வாங்கிய சாமானுக்கு அப்போது 230 டாலர் வேண்டும். இடையில் வந்த ஈவுத்தொகை கொஞ்சம் தாங்கியது, அவ்வளவுதான். தங்கமோ 1971இல் 35 டாலர், 1980 ஜனவரியில் 850 டாலர். அந்தப் பத்தாண்டில் நம் அம்மாமாரின் கணக்கே வென்றிருக்கும். (அதன்பிறகு இருபது வருடம் தங்கம் படுத்தே கிடந்தது. அதை அவர்களிடம் சொல்லிப் பாருங்கள்!)

விலைவாசியை அடக்கியவர் மத்திய வங்கித் தலைவர் பால் வோல்க்கர். 1979இல் பதவிக்கு வந்து வட்டியை 20% வரை ஏற்றினார். வீடு கட்டுவோரும் விவசாயிகளும் கொதித்துப்போனார்கள். 1982 ஆகஸ்டில் டவ் 776ஐத் தொட்டுத் திரும்பியது. அங்கிருந்து தொடங்கிய ஏற்றம் பல வருடம் நின்றது. வேலையில்லாதோர் விகிதமோ அப்போதும் ஏறிக்கொண்டிருந்தது. அந்த வருடக் கடைசியில் 10.8%. பங்குச்சந்தை கொண்டாடத் தொடங்கி நான்கு மாதம் ஆகியிருந்தது.