நாய்களின் சிறுநீர்ப் படிகமும் உணவு ஒவ்வாமையும்

சிறுநீரில் படிகம் சேரும் நாய்க்கு உணவு ஒவ்வாமையும் இருந்தால், ஒரு நோய்க்கு ஏற்ற தீனி மற்றொன்றுக்கு ஆகாமல் போகலாம். எனவே எந்தப் படிகம் என்று அறியாமல் தீனியை மாற்றக் கூடாது.

நாய்களில் அதிகம் காணப்படுபவை ஸ்ட்ரூவைட்டும் கால்சியம் ஆக்சலேட்டும். மெக்னீசியம், அம்மோனியம், பாஸ்பேட் சேர்ந்த ஸ்ட்ரூவைட், பெரும்பாலும் பாக்டீரியாத் தொற்றால் சிறுநீர் காரமாகும்போது உருவாகிறது. ஆன்டிபயாட்டிக்கும் அதற்கான சிறப்புத் தீனியும் சேர்ந்து அதைக் கரைத்துவிடும். ஆக்சலேட் கல் எந்தத் தீனிக்கும் கரையாது. டால்மேஷியன் இனத்தில் பிறவிக் குறைபாட்டால் வருவது யூரேட். குளிர்பெட்டியில் வைத்த சிறுநீரில் புதிதாகவும் படிகம் தோன்றும். பிடித்த ஒரு மணி நேரத்துக்குள் சோதிப்பதே நல்லது. நலமாக உள்ள நாயிடம் சில படிகங்கள் தென்பட்டாலே அது நோயாகிவிடாது.

ஒவ்வாமையை அதிகம் தூண்டுபவை மாட்டிறைச்சி, பால்பொருள்கள், கோழி, கோதுமை. தயிர்ச்சோறும் கோழியும் தின்று வளரும் நம் வீட்டு நாய்களுக்கு இது முக்கியமான செய்தி. ஆண்டு முழுவதும் காதிலும் பாதத்திலும் அரிப்பு நீடித்தால் சந்தேகிக்கலாம். இரத்தச் சோதனையை நம்பி முடிவெடுக்க முடியாது. இதுவரை தின்னாத ஒரே புரதத்தை 8 வாரம் கொடுத்து, பிறகு பழைய தீனிக்குத் திரும்பும்போது அரிப்பு மீள்கிறதா என்று பார்ப்பதே உறுதியான வழி. இடையில் ஒரு பிஸ்கட் போட்டாலும் சோதனை கெட்டது.

மாற்றுத் தீனியில்தான் சிக்கல் இருக்கிறது. கோழியை நிறுத்தி மத்தி மீனுக்கு மாறினால், அதிலுள்ள பியூரின் என்ற பொருள் யூரேட் படிகம் சேரும் நாய்க்குக் கேடு, ஈரலும் அப்படியே. அரிசிக்குப் பதிலாகச் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் முளைக்கீரையும் கொடுத்தால் ஆக்சலேட் கூடும். வெங்காயம் எந்த நாய்க்கும் நஞ்சு. வீட்டுச் சமையலையே நெடுநாள் தருவதானால் கால்சியம், பாஸ்பரஸ் அளவை மருத்துவர் கணக்கிட்டுத் தர வேண்டும்.

எல்லாப் படிகத்துக்கும் பொதுவான மருந்து தண்ணீர். சோற்றை நீர்விட்டுக் குழைத்தும், உலர்தீனியை ஊறவைத்தும் கொடுத்து, சிறுநீரின் ஒப்படர்த்தியை 1.020க்குக் கீழே வைக்கலாம்.

விக்கிரவாண்டி–தஞ்சாவூர் சாலையிலுள்ள சேத்தியாத்தோப்பு போன்ற ஊர்களில் முதல் சோதனைக்கு உள்ளூர்க் கால்நடை மருத்துவரை அணுகலாம். மேல்சிகிச்சைக்குப் புதுச்சேரி குரும்பாபேட்டிலும் ஒரத்தநாட்டிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. முக்கியும் சிறுநீர் இறங்காத நாயை, குறிப்பாக ஆண் நாயை, மறுநாள் வரை வைத்திருக்காதீர்கள்; உடனே மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.