காத்த படலமும் தடுத்த படலமும்

1892 ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரைக் காலரா தாக்கியது. எல்பெ ஆற்று நீரை வடிகட்டாமலே பருகிவந்த அந்நகரில் 8,000 பேருக்கு மேல் மாண்டனர். அடுத்திருந்த ஆல்டோனா நகரமோ, ஹாம்பர்க்கின் கழிவு கலந்த பிறகே அதே ஆற்றின் நீரை எடுத்தது. எனினும் பெரும்பாலும் தப்பியது. அங்கு நீர் மணற்படுகையின் வழியே மெல்ல வடிந்து வந்தமையே காரணமென ராபர்ட் காக் எடுத்துக்காட்டினார்.

மணல் தனித்து இக்காவலைப் புரியவில்லை. மணலின்மேல் நுண்ணுயிர்கள் கூடிப் படிந்த வழுவழுப்பான படலமே நோய்க்கிருமிகளைப் பெரிதும் தடுத்தது. படலம் தடித்து நீரோட்டம் குன்றினால், மேல்மணலைச் சுரண்டி எடுத்தனர், வேலை முடிந்தது.

உயிர்காத்த இப்படலமே பின்னர்ப் பகையாயிற்று. 1960 ஆம் ஆண்டை ஒட்டி, கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் சிட்னி லோப் என்பவரும், இந்தியாவில் பிறந்த சீனிவாச சௌரிராஜனும், உப்புநீரை அழுத்தி நன்னீராக்கும் சவ்வைச் சமைத்தனர். 1965 இல் கோலிங்கா என்னும் ஊரில் அது பயனுக்கு வந்தது. மெல்லிய சவ்வை மணலைப்போற் சுரண்டுவது எங்ஙனம்? படலம் படிந்தால் நீர் குறையும், அழுத்தம் கூட்டவேண்டும், மின்செலவு ஏறும்.

குளோரினால் கொல்லலாமே என நாம் கேட்கலாம். செல்லுலோஸ் அசெட்டேட்டாலான முதற்சவ்வு சிறிதளவு குளோரினைத் தாங்கியது. ஆனால் நுண்ணுயிர்கள் அதனையே அரித்தன. 1970 களில் ஜான் கடோட் உருவாக்கிய பாலியமைடுச் சவ்வு மிகச் சிறந்தது. எனினும் குளோரின் அதனைச் சிதைத்துவிடும். ஆகவே முதலில் குளோரின் இட்டு, சவ்வை அடையுமுன் சோடியம் பைசல்பைட்டால் அதனை நீக்கும் முறை பரவியது. அதிலும் ஓர் இடர் உண்டு. நீரிலுள்ள கரிமப் பொருள்களைக் குளோரின் சிறு கூறுகளாக்கும். எஞ்சிய நுண்ணுயிர்களுக்கு அவையே உணவாகும். மேலும், படலத்தின் உள்ளே வாழ்வனவற்றை அப்படலமே மருந்தினின்றும் காக்கும்.

ஆதலின் கொல்வதினும் பட்டினியிடுவதே நன்றென அறிஞர் தெளிந்தனர். உணவாகும் பொருளை முன்னரே வடித்து நீக்குதல், அழுத்தம் ஏறத் தொடங்கியதுமே காரநீரால் கழுவுதல் ஆகியனவே இன்று கைக்கொள்ளப்படும் வழிகள். 2010 இல் தொடங்கிய மீஞ்சூர், 2013 இல் தொடங்கிய நெம்மேலி ஆகிய கடல்நீர் நிலையங்களும் சவ்வையே நம்பியவை. சென்னையில் ஒரு குடம் நீர் நிறைவதற்குப் பின்னால் இவ்விடையறாப் போராட்டமும் உண்டென்பதை நாம் மறவாதிருப்போமாக.